மூன்றாவது தூண்

புதுச் சட்டம் திங்கட்கிழமை அமலுக்கு வந்தது.
மூன்று நாள் என்றிருந்த கெடுவை ஒரு நாளாக்கிவிட்டார்கள்.
வீடு மாறினால், அறை மாறினால்,
படுத்துறங்கும் காரை அடுத்த தெருவுக்கு ஓட்டினால்
இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்
என் ஜன்னலுக்கு வர வேண்டும்.
வீடே இல்லாதவர்கள் வாரம் ஒரு முறை வந்து
படம் வரைந்து காட்ட வேண்டும்.
இனி மக்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்
ஷெரீப் ரைடல், கூட்டத்தில்.
யார், எங்கே என்று சொல்லவில்லை.

வரைய நான் பென்சில்தான் கொடுக்கிறேன்.
பேனா கூடாது என்று விதி இல்லை.
அழிக்க நேரும் என்று எனக்குத் தெரியும்.

டெல்பர்ட் க்ராஸ்னரின் படம்:
இரண்டு கோடு, ஆறு.
குறுக்கே இரண்டு கோடு, நெடுஞ்சாலைப் பாலம்.
நான்கு வட்டம்.
மூன்றாவதில் ஒரு பெருக்கல் குறி.
"இது நான்" என்றார்.
கணினி கேட்டது: தெருவின் பெயர்? கதவு எண்?
நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது அது.
3 என்று அடித்தேன்.

அவர் செய்தது என்னவென்று எனக்குத் தெரியும்.
கோப்பின் நான்காம் பக்கம். ஒரே முறை படித்தேன்.
அன்று மதியச் சாப்பாட்டைப் பிரிக்காமலே
வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது.
அதனால் அவர் நனைந்து வரும் நாட்களில்
உட்காரச் சொல்லலாமா என்று ஒரு நொடி தயங்குகிறேன்.
நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது.
அவர் உட்காருவதில்லை.

அதே மேஜையின் கீழ் இழுப்பறையில், பூட்டுக்குள்,
இன்னொரு பட்டியல்:
முகவரி மறைக்கப்பட்டவர்கள்.
இந்தச் சின்னக் கவுண்டியில் அதற்கும் நான்தான்.
கோரின் வேஸ்லி ஏழாவது வரி.
ஒருவர் இருக்கும் இடம் ஊருக்கே தெரிய வேண்டும்,
ஒருத்தி இருக்கும் இடம் ஒருவருக்கும் தெரியக் கூடாது.
இரண்டும் தெரிந்தவள் நான்,
மணிக்குப் பதினேழு டாலருக்கு.

ஏப்ரலில் பனி உருகி ஆறு ஏறியது.
வியாழன் காலை எட்டு மணிக்கு
நான் கதவைத் திறக்குமுன்பே நின்றிருந்தார்,
முழங்கால் வரை சேறு.
"நேற்று ராத்திரி பதினொன்றுக்கு மாறினேன்.
இன்னும் பதினைந்து மணி நேரம் மிச்சமிருக்கிறது."
பென்சிலை நீட்டினேன்.
தானியக் கிடங்கு. தண்டவாளம். மூடிக் கிடக்கும் டயர் கடை.
கடையின் பின்சுவரில் பெருக்கல் குறி.

தாளில் அதற்கு மேல் வெள்ளை.
அந்த வெள்ளையில் ஒரு தெரு இருக்கிறது,
ஒரு நீலக் கதவு இருக்கிறது.
ஏழாவது வரி.

அவருக்குத் தெரியாது.
முகத்தில் தூக்கம் மட்டும்தான் இருந்தது.
அங்கே வேண்டாம் என்று சொல்லலாம்.
ஏன் என்பார்.
கேட்காமலே போனாலும்
நான் சொல்லும் "வேண்டாம்" ஒரு முகவரி.

சட்டத்தைப் புரட்டினேன்.
பள்ளி, பூங்கா, குழந்தைகள் காப்பகம்
எல்லாம் ஆயிரம் அடிக்கு அப்பால்.
சரியான இடத்தில்தான் இருக்கிறார்.
முத்திரை குத்தினேன். நன்றி சொன்னார்.

ஒன்பதே காலுக்குக் கோரினை அழைத்தேன்.
டயர் கடை என்றேன்.
மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது,
பிறகு மூடும் சத்தம்.
"ஒழுங்காக வந்து சொல்லிவிட்டான், இல்லையா?"
ஆமாம் என்றேன்.
"இது எனக்கு ஆறாவது வீடு.
முகவரி மாற்ற எனக்கு எத்தனை நாள் கெடு?"

அவளுடைய படிவத்தில் அப்படியொரு கட்டமே இல்லை.
"உங்கள் விருப்பம்போல" என்றேன்.
சொல்லி முடித்ததும்
அந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது.

பழைய படத்தைக் கோப்பிலிருந்து எடுக்கவில்லை.
ஆற்றின் மட்டம் எத்தனை அடி என்று
நாளைக்கு ஐந்து முறை பார்க்கிறேன்.
மூன்றாவது தூணில்
ஈரக்கோடு இன்னும் கீழே இறங்கவில்லை.